ஒரே பாத்தியில் இரு காய்கறிகள்: விளைச்சலும் ஊட்டமும்

காய்கறிச் சாகுபடியின் வெற்றியை, குறிப்பிட்ட ஒரு பயிர் ஓர் எக்டரில் எத்தனை டன் விளைந்தது என்னும் ஒற்றை எண்ணைக் கொண்டு மதிப்பிடுவதே புள்ளிவிவரங்களிலும் பயிர்ப் பரிந்துரைகளிலும் நிலைபெற்றுள்ள வழக்கம். வயலில் ஒரு பயிர் மட்டும் நிற்கும்வரை இவ்வளவுகோலில் பெரிய குறை தென்படுவதில்லை. ஆனால் இரண்டு காய்கறிகள் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது, முதன்மைப் பயிரின் எடை சற்றுக் குறைந்ததைக் கண்டு அம்முறையைத் தோல்வி என்று தள்ளுவதும், இரண்டு எடைகளையும் கூட்டிப் பார்த்து வெற்றி என்று கொண்டாடுவதும் ஒருசேர நிகழ்கின்றன. இரண்டு முடிவுகளும் பிழையானவை. ஏனெனில் ஒரு டன் மிளகாயும் ஒரு டன் வெங்காயமும் சந்தையிலும் சமமில்லை, உணவுத் தட்டிலும் சமமில்லை. எதை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே, கூட்டுச் சாகுபடியின் விளைச்சல் பற்றிய முடிவும் ஊட்டம் பற்றிய முடிவும் மாறுகின்றன.

கூட்டுச் சாகுபடி என்ற பொதுப்பெயருக்குள் மூன்று முறைகள் அடங்கும். இரண்டு பயிர்களின் விதைகளை வரிசையின்றிக் கலந்து தூவுவது கலப்புப் பயிர். ஒன்றின் வரிசைகளுக்கிடையே மற்றதைத் தனி வரிசைகளில் இடுவது ஊடுபயிர். முதற்பயிர் முதிர்ந்து அறுவடைக்கு நிற்கும்போதே அதனிடையே அடுத்ததை இடுவது தொடர்பயிர். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக நெல் வயலின் ஈரத்தில் உளுந்து தெளிக்கும் காவிரிப் படுகை வழக்கம் இம்மூன்றாவது வகையைச் சேர்ந்தது. காய்கறிகளைப் பொறுத்தவரை பார்கட்டி, வாய்க்கால் பிரித்து, செடிக்குச் செடி இடைவெளி விட்டு நடும் பழக்கம் இருப்பதால், ஊடுபயிர் முறையே பெரிதும் பயன்படுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நெடுநாள் வழக்கத்தில் உள்ள இணை மிளகாயும் சின்ன வெங்காயமும் ஆகும். தூத்துக்குடி மாவட்டக் கரிசல் நிலங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி இடப்படும் மிளகாய்க்கிடையே வெங்காயமும் கொத்தமல்லியும் இடம்பெறுவதுண்டு. இறவைப் பாசன நிலங்களிலும் மிளகாய் நட்ட பாரின் பக்கவாட்டில் வெங்காயம் ஊன்றப்படுகிறது. இவ்விணையின் பொருத்தம் இரு பயிர்களின் வயதிலேயே தொடங்குகிறது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நடப்பட்ட மிளகாய் 180 முதல் 210 நாள்வரை வயலில் நிற்கும். ஆனால் முதல் ஒன்றரை மாதத்தில் அது மெல்லவே வளர்ந்து, 60 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வரிசைகளுக்கு நடுவே மண்ணை வெறுமையாக விட்டுவைக்கிறது. சின்ன வெங்காயத்தின் பல இரகங்களோ 65, 70 நாளில் அறுவடைக்கு வந்துவிடுகின்றன. மிளகாய் கிளைத்து, பூத்து, நீரும் உரமும் மிகுதியாக வேண்டும் காலத்தில் வெங்காயம் களத்துக்குச் சென்றிருக்கும்.

இத்தகைய இணையின் பயனை எண்ணாக்குவதற்கு உலகெங்கும் வழங்கும் அளவு, நிலச் சமான விகிதம் எனப்படுவது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பட்ட பன்னாட்டு அரைவறட்சி வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஊடுபயிர் ஆய்வுகளை நடத்திய வில்லி, பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ரோஜர் மீட் ஆகிய இருவரும் 1980இல் எழுதிய கட்டுரை இவ்வளவைப் பரவலாக்கியது. அதன் கணக்கு எளியது. கூட்டில் ஒரு பயிர் தந்த விளைச்சலை அதே பயிர் தனியாக நின்றால் தரும் விளைச்சலால் வகுக்க வேண்டும். மற்றப் பயிருக்கும் அவ்வாறே செய்து, இரண்டு ஈவுகளையும் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டுக்காக, மிளகாய் தனிப்பயிரில் தருவதில் பத்தில் ஒன்பது பங்கையும், வெங்காயம் பாதியையும் கூட்டில் தந்ததாகக் கொண்டால், 0.9உம் 0.5உம் சேர்ந்து 1.4 ஆகும். ஓர் எக்டரில் சேர்த்து விளைந்த அளவை இரண்டையும் தனித்தனியே பயிரிட்டுப் பெற வேண்டுமானால் 1.4 எக்டர் நிலம் தேவைப்படும் என்பது இதன் பொருள். விகிதம் ஒன்றுக்குக் குறைந்தால் கூட்டு நட்டம். உலகின் பல பகுதிகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2015இலும் 2018இலும் வெளியான இரண்டு ஆய்வுகள் சராசரி விகிதத்தை முறையே 1.22, 1.30 என்று கணித்தன. அத்தொகுப்புகளில் தானியங்களும் பயறுகளுமே மிகுதி என்பதால் இவ்வெண்களைக் காய்கறிகளுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது என்றாலும், கூட்டுச் சாகுபடி நிலத்தைச் சிக்கனப்படுத்துகிறது என்பதற்கு அவை வலுவான சான்றுகள்.

ஆயினும் மேற்கண்ட 1.4இல் ஒரு மிகைப்படுத்தல் ஒளிந்திருக்கிறது. தனிப்பயிராக இடப்பட்ட வெங்காயம் 70 நாளில் நிலத்தை விட்டு நீங்கிவிடும்; மிளகாய் நிற்கும் ஏறத்தாழ 200 நாளில் மீதமுள்ள 130 நாளில் அந்நிலத்தில் இன்னொரு பயிர் எடுக்கலாம். நிலச் சமான விகிதம் பரப்பை மட்டுமே எண்ணி, நிலம் பிடிபட்டிருக்கும் நாள்களை எண்ணாமல் விடுவதால், வயதில் பெரிதும் வேறுபடும் பயிர்களின் கூட்டுக்கு அது தகுதிக்கு மீறிய மதிப்பெண் வழங்குகிறது. இக்குறையைச் சுட்டிக்காட்டி, 1987இல் ஹீப்ஷ், மெக்கோலம் ஆகியோர் பரப்பையும் காலத்தையும் பெருக்கிக் கணக்கிடும் மாற்று விகிதம் ஒன்றை முன்வைத்தனர். அதன்படி மிளகாயின் 0.9ஐ அதன் 200 நாளாலும், வெங்காயத்தின் 0.5ஐ அதன் 70 நாளாலும் பெருக்கிக் கூட்டி, கூட்டு நிலத்தில் நின்ற மொத்த நாளான 200ஆல் வகுத்தால், விடை 1.075 மட்டுமே. நாற்பது விழுக்காடாகத் தோன்றிய ஆதாயம் ஏழரை விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது.

இவ்விரண்டில் எது உண்மை என்பதை நிலத்தின் தன்மையே முடிவு செய்கிறது. ஒரே ஒரு மழைக்காலத்தை நம்பிய மானாவாரிக் கரிசலில், வெங்காயம் தனியாக நின்று 70 நாளில் நீங்கினாலும் அடுத்த பயிருக்கு மண்ணில் ஈரம் எஞ்சியிருப்பதில்லை. ஆகவே அங்கே 1.4 என்பதே உழவரின் உண்மையான நிலைமைக்கு நெருக்கமானது. கிணறும் சொட்டுநீரும் உள்ள, ஆண்டுக்கு மூன்று பயிர் எடுக்கத்தக்க தோட்டத்தில் 1.075ஐ ஒட்டியே எதிர்பார்க்க வேண்டும். ஊடுபயிரின் ஆதாயம் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைத் தொடுவதில்லை. பாசனத் தோட்டம் வைத்திருப்பவரிடம் மானாவாரிக்குரிய எண்ணைச் சொல்லி நம்பவைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. இதனோடு, ஒப்பீட்டுக்கு வைக்கப்படும் தனிப்பயிர் உரிய இடைவெளியிலும் உரிய உரத்துடனும் வளர்க்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். நலிந்த தனிப்பயிரோடு ஒப்பிட்டால் எந்தக் கூட்டும் சிறப்பாகவே தெரியும்.

கூட்டு ஏன் பயன் தருகிறது என்ற கேள்விக்கு, ஒளியையும் நீரையும் சத்தையும் இரண்டு பயிர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அளவில் நாடாமையே அடிப்படை விடை. வெங்காயத்தின் இலைகள் குறுகி நிமிர்ந்தவை. அவை நிழல் பரப்புவதில்லை. அதன் வேர்கள் மண்ணின் மேல் முப்பது சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் தங்குகின்றன. மிளகாயின் வேர்களோ நாளடைவில் அதற்குக் கீழும் பரவுகின்றன. இலைகள் இப்படி நிமிர்ந்திருப்பதால் தனியாக நிற்கும் வெங்காயம் களையோடு போட்டியிடவும் திறனற்றது. அகன்ற இலையுள்ள துணைப்பயிர் மண்ணை மூடும்போது களையும் நீராவியாதலும் குறைகின்றன. மாறாக, ஒரே உயரமும் ஒரே வயதும் ஒரே வேராழமும் கொண்ட இரண்டு காய்கறிகளைச் சேர்த்தால், அவை ஓரினச் செடிகளை நெருக்கி நட்டதற்கு ஒப்பாக ஒன்றையொன்று நலியச் செய்யும்.

பயறு வகைக் காய்கறிகளைச் சேர்க்கும்போது மட்டும் இன்னொரு ஆற்றல் செயல்படுகிறது. தட்டைப்பயறு, கொத்தவரை, அவரை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் ஏற்கும் தழைச்சத்தாக மாற்றுகின்றன. அச்சத்து அதே பருவத்தில் அருகிலுள்ள தக்காளிக்கோ கத்தரிக்கோ நேரடியாகப் பாய்கிறது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் அப்படி வேர் வழியாக மாறும் அளவு பொதுவாகச் சிறியதே. உண்மையான நன்மை வேறிடத்தில் இருக்கிறது: பயறுச் செடி தன் தேவையின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து பெறுவதால், மண்ணிலுள்ள தழைச்சத்துக்காகத் துணைப்பயிரோடு அவ்வளவாகப் போட்டியிடுவதில்லை. அதன் வேரும் இலைச்சருகும் மட்கிய பிறகு அடுத்த பயிருக்கும் சத்து கிடைக்கிறது. காயைப் பறித்தபின் செடியை வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டால் அந்தப் பின்பயன் பெரிதும் இழக்கப்படும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை காய்கறிக் கூட்டுகளில் தெளிவாக ஆராயப்பட்ட இணை கேரட்டும் வெங்காயமும். உவா, கோக்கர் ஆகியோர் இங்கிலாந்தில் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டையும் கலந்து வளர்த்த பாத்திகளில் கேரட்டைத் துளைக்கும் ஈயின் தாக்குதலும் வெங்காயத்தைச் சுரண்டும் இலைப்பேனின் எண்ணிக்கையும் குறைந்திருந்தன. எனினும் வெங்காயம் இளந்தாளாக வளரும்வரையே கேரட்டுக்கு அப்பாதுகாப்பு நீடித்தது. குமிழ் திரளத் தொடங்கியதும் அது மறைந்தது. வெங்காயத்தின் வாடை ஈக்களை விரட்டுகிறது என்று இதற்கு விளக்கம் கூறுவது வழக்கம். ஆனால் வேறு பயிர்களில் ஆராய்ந்த ஃபின்ச், காலியர் ஆகிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்து வாடையைவிடப் பச்சை நிறத்துக்கே முதலிடம் தருகிறது. தாழப் பறக்கும் பூச்சி எந்தப் பச்சை இலையிலும் சென்று அமர்கிறது. உரிய பயிரின் இலையில் அடுத்தடுத்துப் பலமுறை அமர்ந்தால்தான் முட்டையிடத் துணிகிறது. இடையிடையே வேற்றுப்பயிரின் இலை குறுக்கிட்டால் அத்தொடர்ச்சி அறுந்து, பூச்சி அவ்விடத்தைவிட்டு நீங்கிவிடுகிறது. பரப்பில் போதிய பச்சையைத் தராத துணைப்பயிர் ஏன் பலனளிப்பதில்லை என்பதை இக்கருத்து நன்கு விளக்குகிறது.

இந்தியாவில் இதே நோக்கம் வேறு வழியில் கையாளப்பட்டது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் முட்டைக்கோசில் வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த, 25 வரிசைக் கோசுக்கு இரண்டு வரிசைக் கடுகை இடும் முறையை உருவாக்கியது. ஒரு கடுகு வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்பும் மற்றதை நட்ட 25 நாளுக்குப் பின்பும் விதைப்பதால், பூச்சியை ஈர்க்கும் இளங்கடுகு வயலில் இடைவிடாது இருக்கிறது. மருந்துத் தெளிப்பைப் பெரிதும் கடுகின்மீதே குவிக்க முடிகிறது. தக்காளியின் காய்ப்புழுவுக்காக 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடும் முறையும் அங்கிருந்தே வந்தது. இவற்றில் துணைப்பயிரின் விளைச்சல் பெரிதன்று. முதற்பயிர் சேதமின்றிக் கிடைப்பதே பலன்.

இனி ஊட்டம். கூட்டாக வளர்த்தால் காயின் சத்து கூடுமா என்ற கேள்வியும், ஒரு நிலத்திலிருந்து கிடைக்கும் மொத்தச் சத்து கூடுமா என்ற கேள்வியும் வேறுவேறானவை.

முதற்கேள்விக்கு மிகத் தெளிவான சான்று காய்கறியிலிருந்து வராமல், நிலக்கடலை–மக்காச்சோளம் கூட்டிலிருந்து வந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் அது கரையாத நிலையில் கிடப்பதால், தனியாக நிற்கும் நிலக்கடலையின் இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகின்றன. புல்லினப் பயிர்களின் வேர்கள் இரும்பைப் பற்றி இழுக்கும் கரிமச் சேர்மங்களைச் சுரக்கின்றன. பார்லி முதலியவற்றில் இதனை 1970களில் ஜப்பானியரான தகாகி கண்டறிந்தார். சீன ஆய்வாளர்கள் மக்காச்சோளத்தோடு சேர்த்து வளர்த்த நிலக்கடலையில் வெளிறல் நீங்கி இரும்பின் அளவு உயர்ந்ததைக் காட்டியதோடு, மக்காச்சோள வேர் சுரந்த அச்சேர்மத்தோடு பிணைந்த இரும்பை நிலக்கடலை வேரே நேரடியாக உறிஞ்சுவதையும் பின்னர் நிறுவினர். இத்தகைய உதவி குறிப்பிட்ட மண்ணுக்கும் குறிப்பிட்ட இணைக்கும் உரியது. எந்த இரண்டு காய்கறிகளைச் சேர்த்தாலும் அவற்றின் சத்தோ சுவையோ உயரும் என்று பொதுப்படக் கூற இடமில்லை.

இரண்டாம் கேள்விக்குத்தான் உறுதியான விடை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரூத் டிஃபிரீஸும் உடனாய்வாளர்களும் 2015இல் ‘ஊட்ட விளைச்சல்’ என்ற அளவை அறிமுகப்படுத்தினர்: ஓர் எக்டரில் ஓராண்டில் விளையும் உணவு, குறிப்பிட்ட ஒரு சத்தின் முழுத் தேவையை ஓராண்டு முழுவதும் எத்தனை பெரியவர்களுக்கு நிறைவு செய்யும் என்பதே அது. எடையையும் சத்தையும் பிரித்துப் பார்க்கும் இத்தகைய அளவின் தேவைக்கு முன்னரே ஒரு காரணம் கிடைத்திருந்தது. அமெரிக்காவில் 1950க்கும் 1999க்கும் இடையே 43 தோட்டப்பயிர்களின் சத்துப் பட்டியல்களை ஒப்பிட்ட டேவிஸ் குழுவினர், புரதம், சுண்ணாம்பு, இரும்பு, வைட்டமின் சி உள்ளிட்ட ஆறு சத்துகளின் சராசரி குறைந்திருப்பதை 2004இல் வெளியிட்டு, எடைக்காகவே தெரிவு செய்யப்பட்ட இரகங்களில் சத்து நீர்த்துப்போவது இதற்குக் காரணமாகலாம் என்றனர்.

ஊட்ட விளைச்சலின் பார்வையில் தக்காளியையும் தண்டுக்கீரையையும் கருதலாம். தக்காளி நட்டு அது படர்வதற்குள் இடைவெளியில் விதைத்த கீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். நூறு கிராம் தக்காளியில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 10 மில்லிகிராம். தண்டுக்கீரை இலையில் 300 மில்லிகிராமுக்கும் மேல். கணக்கின் பொருட்டு, தனியாக நின்றால் எக்டருக்கு 30 டன் தரும் தக்காளி, கீரையின் போட்டியால் 27 டன்னாகக் குறைந்து, கீரை இலை 4 டன் கிடைத்ததாகக் கொள்ளலாம். தக்காளி மட்டும் இருந்தபோது அந்நிலம் தந்த சுண்ணாம்புச்சத்து 3 கிலோ; கூட்டில் அது 14 கிலோவைத் தாண்டுகிறது. நாளொன்றுக்கு ஒரு பெரியவருக்கு 1,000 மில்லிகிராம் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பரிந்துரைப்படி, முன்னது எட்டுப் பேரின் ஆண்டுத் தேவை. பின்னது நாற்பது பேரின் தேவை. எடைக் கணக்கில் 30 டன் 31 டன்னாக மாறியதாக மட்டுமே இது பதிவாகும். கீரையிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்பில் ஒரு பகுதியை உடல் ஏற்காதபடி பிணைத்துவிடும் என்பதால் நாற்பது என்ற எண்ணைச் சற்றுக் குறைத்தே கொள்ள வேண்டும். ஆனால் கீரையின் இரும்பை உடல் ஏற்கத் தக்காளியின் வைட்டமின் சி துணைநிற்கிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்த நாட்டில், இவ்வேறுபாடு சிறியதன்று.

வயல்வெளிச் சோதனையில் இத்தகைய கணக்கைச் செய்துகாட்டிய ஆய்வுகளுள் ஒன்று, வட அமெரிக்காவின் ஹோடெனோஷோனி மக்கள் மக்காச்சோளம், கொடிப் பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் வளர்த்த முறையைப் பற்றியது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேன் மவுண்ட் பிளசன்ட் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, அக்கூட்டு எக்டருக்கு 1 கோடியே 22 இலட்சம் கிலோகலோரிக்கு மேற்பட்ட ஆற்றலையும் 349 கிலோ புரதத்தையும் தந்து, அதே பரப்பில் தனித்தனியாக இடப்பட்ட எந்தப் பயிரையும் விஞ்சியது.

ஊட்ட விளைச்சல் என்னும் அளவில் பார்த்தால், பணம் தரும் இணையும் ஊட்டம் தரும் இணையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது புலனாகும். மிளகாயும் வெங்காயமும் உழவரின் கையிருப்பைக் காக்கும் சிறந்த இணை. குடும்பத்தின் ஊட்டத்துக்கு அவை சேர்ப்பது குறைவு. தக்காளியோ கத்தரியோ நடும் நிலத்தில் கீரையையும் தட்டைக்காயையும் சேர்ப்பது சந்தையில் சிறு தொகையே ஈட்டினாலும் சத்துக் கணக்கில் பெரிய மாற்றத்தை உண்டாக்கும்.

தடைகளும் மெய்யானவை. இரு பயிர் நிற்கும் வயலில் இரண்டுக்கும் தீங்கிழைக்காத களைக்கொல்லியைத் தேர்ந்து தெளிப்பது கடினம். களையெடுப்பும் பறிப்பும் பெரும்பாலும் கைவேலையாகிக் கூலி கூடுகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பத்தவை என்பதால் அவற்றுள் இரண்டைச் சேர்ப்பது வாடல் நோய்க்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் வாசல் திறப்பதாகும். இவை எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, ஆய்வுக் கட்டுரைகளில் அரிதாகவே பேசப்படும் ஒன்று: தக்காளிக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து அதன் காலடியில் நிற்கும் கீரையிலும் படிகிறது. மருந்து தெளித்தபின் பறிப்பதற்கு முன் விட வேண்டிய காத்திருப்பு நாள்கள் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியே வரையறுக்கப்படுபவை. இன்னும் காய்க்காத தக்காளியில் அச்சமின்றித் தெளித்த மருந்து, மறுநாள் பறிக்கப்படும் கீரையில் நஞ்சாக உணவுக்கு வந்துவிடும். ஊட்டத்துக்காகச் சேர்க்கப்பட்ட பயிரே தீங்கின் வழியாக மாறுவதை அனுமதிக்க முடியாது.

ஆகவே வேளாண் பல்கலைக்கழகங்களும் தோட்டக்கலைத் துறையும் இனி வெளியிடும் காய்கறி ஊடுபயிர்ப் பரிந்துரைகளில், தனிப்பயிரின் விளைச்சல், நிலம் பிடிபட்ட நாள்கள், எக்டருக்குக் கிடைத்த இரும்பு, சுண்ணாம்பு, புரதம் ஆகியவற்றின் அளவு, இரு பயிருக்கும் பொருந்தும் மருந்துகளின் பட்டியல் ஆகிய நான்கையும் சேர்த்தே தர வேண்டும். உழவர்களும் கீரையை முழுவதும் பறித்து முடித்த பிறகே தக்காளிக்கு முதல் மருந்தைத் தெளிக்க வேண்டும்; அதற்கு முன்பே தெளிக்க நேர்ந்தால், வயலில் எஞ்சி நிற்கும் கீரையைச் சந்தைக்கும் வீட்டுக்கும் கொண்டுசெல்லாமல் மண்ணிலேயே மடக்கி உழுதுவிட வேண்டும்.